பல் வைத்தியரின் கதிரைக்குப் பயந்த காலம்

"பல் போனால் சொல் போச்சு" என்று சொல்லிக்கொண்டே பல்லைக் கவனிக்காமல் விடுவதில் எம்மவருக்கு நிகர் எம்மவரே. காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் ஓடுவோம். பிரஷர் என்றாலும் ஓடுவோம். பல்லுக்குத்து என்றால் மாத்திரம் ஒரு கராம்பைக் கடித்துக்கொண்டு "நாளைக்குப் பார்ப்பம்" என்போம். அந்த நாளை ஒரு மாதமாகும், ஒரு வருடமாகும். பழக்கம் இப்படி இருந்த வேளையிலேதான் 2020ஆம் ஆண்டு கொரோனா மொன்றியலுக்கு வந்து சேர்ந்தது.

மார்ச் 13ஆம் திகதி கியூபெக் அரசு சுகாதார அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. அதையடுத்து பல் வைத்திய நிலையங்கள் யாவும் வழமையான வேலைகளை நிறுத்தின. தாங்கமுடியாத நோ, வீக்கம், நிற்காத இரத்தப்பெருக்கு, விபத்தில் உடைந்த பல் என்று அவசரமானவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கும் என்றார்கள். பல் சுத்தம் செய்தல், சூத்தை அடைத்தல், பாதியில் நின்ற வேர்ச் சிகிச்சை எல்லாம் காத்திருந்தன. யூன் 1ஆம் திகதிதான் கதவுகள் மீண்டும் திறந்தன. ஏறக்குறைய பதினொரு கிழமைகள்.

பதினொரு கிழமை என்பது பல்லுக்கு ஒரு பெரிய காலமல்ல. ஆனால் எமது குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பதினொரு கிழமை பதினொரு மாதமாகி, மூன்று நான்கு வருடங்களாகவும் நீண்டுவிட்டது. "கொரோனா நேரம் போகேலை, பிறகு அப்படியே விட்டுப்போச்சு" என்ற சொல்லைப் பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட் டி நேஜிலும் எத்தனை வீடுகளில் கேட்டுவிட்டோம்! கதவு திறந்த பின்னரும் நாம் ஏன் உள்ளே போகவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நாம் பார்க்க விரும்பும் விடயம். இந்த நாட்டுக்கு அண்மையில் வந்து சேர்ந்த குடும்பங்கள் கொரோனாக் காலத்தை இங்கே கண்டிராவிட்டாலும், அந்தப் பயத்தின் மிச்சத்தை உறவினர் வாயிலாகக் கேட்டுக் கேட்டே வளர்த்துக்கொள்கிறார்கள் என்பதாலும் இதை எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பதினொரு கிழமையில் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லவேண்டும். கராம்பு, உப்புத்தண்ணீர், பெருங்காயம், ஒரு மிடறு பிராண்டி என்று ஊர் வைத்தியம் முழுவதும் குசினிக்குத் திரும்பியது. உப்புத்தண்ணீரில் கொப்பளிப்பதில் தவறில்லை. கராம்பு எண்ணெயும் நோவைச் சற்று மரக்கச்செய்யும். ஆனால் சூத்தைக்குள் இருக்கும் கிருமிக்கு அது ஒன்றும் செய்யாது. நோ அடங்கியதால் நோய் போய்விட்டதென்று நினைப்பதிலேயே ஆபத்து இருக்கிறது. பல்லின் நரம்பு செத்துப்போனாலும் நோ அடங்கும். உள்ளே கட்டிவரும் சீழ் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சிலர் அஸ்பிரின் குளிசையை நோகும் பல்லோடு முரசில் வைத்து அடைத்தார்கள். அது முரசைச் சுட்டுப் புண்ணாக்கும். பழைய அன்ரிபயோற்றிக் மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. இரண்டு நாள் போட்டு நிறுத்திய மருந்தால் சீழ் வற்றாது.

நோக்குளிசை விடயத்தில் இன்னொரு குழப்பமும் நேர்ந்தது. 2020 மார்ச் 14இல் பிரான்சின் சுகாதார அமைச்சர் ஒலிவியே வெறான், ஐபுபுரோஃபன் கொரோனாவை மோசமாக்கக்கூடும் என்று எச்சரித்தார். பிரெஞ்சு பேசும் மொன்றியலுக்கு அந்தச் செய்தி உடனே வந்தது. எமது ரெலிபோன்களில் அதைவிட வேகமாக ஓடியது. நான்கு நாட்களில் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைத் தவிர்க்கும்படி தான் சொல்லவில்லை என்று அறிவித்தது. அந்த இரண்டாவது செய்தி அவ்வளவாக ஓடவில்லை. பல்லு நோவுக்கு நன்றாகக் கேட்கும் மருந்துகளில் ஒன்றை விட்டுவிட்டுப் பலர் ரைலனோலை மட்டுமே அள்ளிப் போட்டார்கள். வயது வந்த ஒருவர் 500 மில்லிகிராம் ரைலனோல் குளிசையில் 24 மணித்தியாலத்துக்கு எட்டுக்கு மேல் போடக்கூடாது. தடிமன் மருந்துகளிலும் அதே சரக்கு கலந்திருக்கும். மிஞ்சினால் ஈரல் பழுதாகும். ஐபுபுரோஃபனும் எல்லோருக்கும் ஏற்றதல்ல. வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பார்மசிக்காரரிடம் கேட்டே எடுக்கவேண்டும். கேட்பதற்குக் காசு இல்லை.

எந்தக் காலத்திலும் பொறுத்திருக்கக்கூடாத நிலை ஒன்று உண்டு. கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கிக் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினால், காய்ச்சல் காய்ந்தால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமானால், மூச்சு முட்டினால், அது இனிப் பல்லுக்குத்து அல்ல. கீழ்ப் பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சுக்குழாயை நெரிக்கும். அந்த நேரம் கராம்பும் வேண்டாம், பல் வைத்தியரின் அப்பொயின்ற்மென்ரும் வேண்டாம். 911ஐ அழையுங்கள், அல்லது நேரே ஆஸ்பத்திரி எமெர்ஜென்சிக்குப் போங்கள். கொரோனாப் பயத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மறுத்தவர்களுக்கும் இதையே அப்போது சொல்லவேண்டியிருந்தது.

யூன் மாதம் கதவு திறந்தபோது உள்ளே காட்சி மாறியிருந்தது. வாசலிலேயே கேள்விகள்: காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வெளிநாடு போய்வந்தீர்களா. காத்திருக்கும் அறையில் சஞ்சிகைகள் இல்லை, கதிரைகள் பாதி இல்லை. பலரைக் காருக்குள்ளேயோ தெருவிலோ நிற்கச்சொல்லி ரெலிபோனில் கூப்பிட்டார்கள். வைத்தியர் தலை முதல் கால் வரை மூடி, முகமூடிக்கு மேல் இன்னொரு கண்ணாடித்திரையும் போட்டிருந்தார். சிரித்த முகத்தைக் காட்டிப் பயம் தெளியவைத்த அந்தத் தாதிகூட இரண்டு கண்ணாக மட்டுமே தெரிந்தார்.

எல்லா நோயாளிகளுக்கும் இது சங்கடமே. எம்மவரில் சிலருக்கு அது சங்கடத்தோடு நிற்கவில்லை. முகம் மூடிய ஒருவர் எதிரே நிற்க, வரிசையில் நின்று கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் என்னவென்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. "தலையாட்டி" என்ற சொல் எந்த அகராதியில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் நினைவில் இருக்கிறது. கதிரையில் மல்லாக்கச் சாய்த்து, கண்ணுக்கு நேரே வெளிச்சம் பிடித்து, வாய்க்குள் இரும்பை வைத்து, பேசமுடியாதபடி செய்வது ஒரு வைத்தியம்தான். ஆனால் தடுப்புமுகாமில் இருந்து வந்த உடம்பு அதை வைத்தியம் என்று உடனே நம்புவதில்லை. சித்திரவதைக்கு உள்ளானவர்கள் பல் சிகிச்சையை அடியோடு தவிர்ப்பது பற்றி அகதிகளுக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியர்கள் பல நாடுகளில் எழுதியிருக்கிறார்கள். மொன்றியலில் ஒழுங்கமைக்கப்பட்ட வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே உதவும் ரிவோ என்ற அமைப்பு இருக்கிறது. இந்தச் சங்கடம் உள்ளவர் வெட்கப்படவேண்டியதில்லை. பல் வைத்தியரிடம் விபரம் முழுவதும் சொல்லவேண்டியதுமில்லை. "எனக்குப் படுக்கப் பயம், கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள்" என்றால் போதும்.

இனி, கிருமிப் பயத்துக்கு ஆதாரம் இருந்ததா என்று பார்ப்போம். 2020 மார்ச் நடுப்பகுதியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை எந்தத் தொழிலாளருக்கு ஆபத்து அதிகம் என்று ஒரு படம் போட்டது. அதில் உச்சியில் இருந்தவர்கள் பல் வைத்தியர்களும் அவர்களது உதவியாளர்களுமே. பல் துளைக்கும் கருவி தண்ணீரைத் தூவலாக வீசுகிறது, அது நோயாளியின் எச்சிலோடு கலந்து காற்றில் மிதக்கும், அந்த அறையில் ஒருவருக்கு நோய் இருந்தால் எல்லோருக்கும் வரும் என்பது கணக்கு. நோய் புதிது, தடுப்பூசி இல்லை. அன்று அப்படிப் பயந்ததில் பிழை சொல்லமுடியாது.

ஆனால் பின்னர் எண்ணிப் பார்த்தார்கள். 2020 யூனில் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2,195 பல் வைத்தியர்களைக் கேட்டு ஆராய்ந்ததில் நோய் கண்டிருக்கக்கூடியவர்கள் 0.9 வீதம் என்று கணித்தது. கனடாவில் எமது மக்கில் பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்திய ஆய்வு அறுநூறுக்கும் மேற்பட்ட பல் வைத்தியர்களை 2020 நடுப்பகுதியிலிருந்து ஆறு மாதம் வரை தொடர்ந்து கவனித்தது. நோய் கண்டவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். ஊரில் மற்றவர்களுக்கு வந்ததைவிட அவர்களுக்கு அதிகமாக வரவில்லை. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூர்ணிமா குமாரும் கூட்டாளிகளும் 28 நோயாளிகளின் சிகிச்சையின்போது பறந்த தூவலைப் பிடித்துப் பரிசோதித்து 2021இல் வெளியிட்டார்கள். தூவலில் இருந்த கிருமிகளில் பெரும்பகுதி கருவியில் ஓடும் தண்ணீரிலிருந்தே வந்திருந்தது. நோயாளிகள் சிலரின் எச்சிலில் கொரோனாக் கிருமி இருந்தும் தூவலில் அது அகப்படவில்லை. முகமூடியும் உறிஞ்சுகுழாயும் காற்றோட்டமும் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன.

பகலிரவாக வாய்க்குள் குனிந்து வேலை செய்தவருக்கே இவ்வளவுதான் என்றால், அரை மணித்தியாலம் கதிரையில் படுத்தெழும்பும் எமக்கு எவ்வளவு?

எம்மவர்களில் பலர் அந்த நாட்களில் எங்கே நின்றார்கள் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். முதியோர் பராமரிப்பு இல்லங்கள், இறைச்சித் தொழிற்சாலைகள், களஞ்சியங்கள், உணவகச் சமையலறைகள். மொன்றியலின் முதியோர் இல்லங்களிலேதான் மரணம் மிக அதிகமாக விழுந்தது. அங்கே அகதி விண்ணப்பதாரர்கள் ஆற்றிய பணியைப் பார்த்துத்தான் 2020 ஓகஸ்ட் 14இல் சமஷ்டி அரசு அவர்களுக்கென்று தனியான நிரந்தர வதிவுரிமை வழியொன்றை அறிவித்தது. இப்படி ஆபத்தின் நடுவே எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்தவர்களே பல் வைத்தியரிடம் போக "கொரோனா வந்திடும்" என்றார்கள். ஆகவே பயந்தது கொரோனாவுக்கு மட்டுமல்ல என்பது எமது எண்ணம். கொரோனா ஒரு நல்ல சாட்டாக வாய்த்தது. அதற்குப் பின்னால் ஊசிக்குப் பயம், காசுக்குப் பயம், பிரெஞ்சில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம், "இவ்வளவு காலம் ஏன் வரவில்லை" என்று ஏசுவார்களோ என்ற பயம் எல்லாம் வரிசையாக நின்றன.

இப்படியொரு பீதி முதல் முறையும் அல்ல. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களில் பலர் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்கள் காலூன்றிக்கொண்டிருந்த 1990இல், புளோரிடாவில் ஒரு பல் வைத்தியரிடமிருந்து நோயாளிக்கு எயிட்ஸ் கிருமி தொற்றியிருக்கலாம் என்ற அறிக்கை வந்தது. கிம்பர்லி பேர்கலிஸ் என்ற அந்த இளம்பெண் 1991 டிசம்பரில் இறந்தார். அந்த ஒரு வைத்தியரின் நோயாளிகளில் ஆறு பேருக்குத் தொற்று ஏற்பட்டதாக முடிவு செய்தார்கள். வட அமெரிக்கா முழுவதும் மக்கள் பல் வைத்தியரின் கையைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அந்தப் பீதியால் ஒரு நன்மையும் விளைந்தது. இன்று ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை, கருவிகளை நீராவியில் அவித்துக் கிருமி நீக்கிப் பொதி செய்து கண்முன்னே பிரிப்பது என்று நாம் காணும் ஒழுங்குகள் இறுகியது அந்த வருடங்களில்தான். கருவிப் பொதியைக் கண்முன் பிரிக்கவில்லை என்றால் கேட்கலாம், அது மரியாதைக் குறைவல்ல.

பயத்தை அளக்கவும் ஒரு கோல் இருக்கிறது. 1969இல் நோர்மன் கோரா என்ற அமெரிக்கர் நான்கு கேள்விகள் கொண்ட ஒன்றை அமைத்தார். 1995இல் பிரித்தானியாவில் ஜெரி ஹம்ஃபிரிஸ் ஊசி பற்றிய ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தார். நாளைக்குப் பல் வைத்தியரிடம் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி, துளைக்கப்போகிறார் என்றால், சுத்தம் செய்யப்போகிறார் என்றால், விறைப்பு ஊசி போடப்போகிறார் என்றால்? ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. கூட்டி 19ஐத் தொட்டால் அது கடும் பயம். இந்தக் கேள்விகளைச் சென்னைப் பல் வைத்தியர்கள் தமிழாக்கிப் பரிசோதித்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே மனதுக்குள் போட்டுப் பார்க்கலாம். கூட்டுத்தொகை பெரிதாக வந்தால் அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். பயந்த நோயாளிக்கு நேரம் கூடுதலாக ஒதுக்குவது, முதல்நாள் பார்ப்பதோடு மட்டும் நிற்பது, மயக்கவாயு கொடுப்பது என்று பல வழிகள் அவர்களிடம் உண்டு.

கொரோனா பல்லுக்குச் செய்த இன்னொரு வேலையும் இருக்கிறது. பூட்டிய வீடு, வேலையிழப்பு, 2021 சனவரி 9 முதல் மொன்றியலில் இரவு 8 மணிக்கு மேல் ஊரடங்கு (ஊரடங்குக்குப் பயந்து ஓடிவந்த எமக்கு இங்கேயும் ஊரடங்கு!) என்று மனம் இறுகியபோது தாடையும் இறுகியது. 2021 தொடக்கத்தில் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் கேட்டபோது வைத்தியர்களில் 71 வீதத்தினர், பல்லை நறநறவென்று கடிக்கும் நோயாளிகள் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். வெடித்த பல்லோடு வருவோரும் கூடியிருந்தனர். காலையில் எழும்பும்போது கன்னம் நோவது, காதடியில் நோவது, தலையிடிப்பது இதன் அடையாளம். கேஸ் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களில் இதை இன்றும் காணலாம். இதற்குக் குளிசை மருந்தல்ல. இரவில் பல்லுக்குப் போடும் ஒரு கவசம் செய்து தருவார்கள்.

காசுக்கு வருவோம். உண்மையைச் சொன்னால் இதுதான் பெரிய பயம். 2022இல் கனடியர்களில் 24 வீதத்தினர் செலவுக்குப் பயந்து பல் வைத்தியரைத் தவிர்த்ததாகக் கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் சொல்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களையும் சேர்த்த கணக்கு அது. கியூபெக்கில் சூரியன் படம் போட்ட மெடிகெயர் காட் உள்ள 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பரிசோதனை, சூத்தை அடைப்பு, பல் பிடுங்கல், வேர்ச் சிகிச்சை இலவசம். சுத்தம் செய்வது அதில் அடங்காது. வெல்பெயர் எடுப்பவர்களுக்கு அவசர சிகிச்சை உடனேயும் மற்றவை பன்னிரண்டு மாதம் தொடர்ந்து எடுத்த பின்னரும் கிடைக்கும். பிரவுண் பேப்பரோடு இருக்கும் அகதி விண்ணப்பதாரர்களுக்குச் சமஷ்டி அரசின் இடைக்கால சுகாதாரத் திட்டம் உண்டு. பிரெஞ்சில் பி.எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். 2012இல் அன்றைய அரசு இதைப் பெருமளவு வெட்டியது. அது கொடூரமான நடத்தை என்று 2014இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் முழுமையாகத் திரும்பிவந்தது. அவசரப் பல் சிகிச்சைக்கு அது உதவும், ஆனால் எல்லாப் பல் வைத்தியர்களும் அதை எடுப்பதில்லை. நோயாளியும் ஒரு பங்கைக் கொடுக்கவேண்டும் என்ற மாற்றத்தை 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. ஆகையால் கதிரையில் ஏறுமுன் "பி.எஃப்.எஸ்.ஐ. எடுப்பீர்களா, என் பங்கு எவ்வளவு" என்று ரெலிபோனிலேயே கேட்டுவிடவேண்டும்.

கனடியப் பல் பராமரிப்புத் திட்டம் 2024 மே மாதம் முதியவர்களோடு நடைமுறைக்கு வந்து, 2025 யூனில் எல்லா வயதினருக்கும் விரிந்தது. குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாகவும், வேலையிடத்துப் பல் காப்புறுதி இல்லாமலும், வருமானவரிப் பத்திரம் நிரப்பியும் இருக்கவேண்டும். "எனக்கு வருமானமே இல்லை, எதற்கு ராக்ஸ் பைல் பண்ணவேணும்" என்று விடுபவர்கள் இதையும் இழக்கிறார்கள். மக்கில், மொன்றியல் பல்கலைக்கழகங்களின் பல் வைத்திய பீடங்களில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குச் சிகிச்சையளிக்கிறார்கள். நேரம் கூடுதலாக எடுக்கும், பொறுமை வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "சொல்வழி கேளாவிட்டால் பல்லு டொக்டரிட்டைக் கொண்டுபோய் ஊசி போடுவிப்பன்" என்று வெருட்டுவதை நிறுத்தவேண்டும். முகமூடிக்குப் பின்னால் முகம் தெரியாத வைத்தியரையே முதலில் கண்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அந்த வெருட்டு அவர்களுக்கு இரட்டிப்பாக ஏறும். அதேபோல் பத்து வயதுப் பிள்ளையை அம்மாவின் பல்லுக்கு மொழிபெயர்க்க இழுத்துப் போவதும் நல்லதல்ல. எந்தப் பல்லைப் பிடுங்குவது என்ற முடிவை ஒரு குழந்தையின் வாயில் வைக்கலாமா? மொழி தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிச் செல்லுங்கள், அல்லது வைத்தியர் பேசுவது உங்களுக்கு விளங்கும்வரை கையொப்பம் வைக்காதீர்கள்.

தனியே போகவேண்டியவர்களுக்கு நான்கு பிரெஞ்சு வசனம் போதும். பல்லு நோகிறது என்பதற்கு "ஜே மால் ஓ தோன்". பயமாக இருக்கிறது என்பதற்கு "ஜே பேர்". அவசரம் என்பதற்கு "செ துன் உர்ஜோன்ஸ்". நிறுத்துங்கள் என்பதற்கு "அறெத்தே". வாய்க்குள் கருவி இருக்கும்போது நான்காவதைச் சொல்லமுடியாது. அதனால் தொடங்கமுன்பே இடது கையை உயர்த்திக் காட்டி, இதைத் தூக்கினால் நிறுத்தவேண்டும் என்று சைகையால் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வைத்தியர்கள் அதை நன்றாக அறிவார்கள். அவர்களே முதலில் சொல்வதும் உண்டு.